முகம் தேடும் சாப்ட்வேர்

"இது வேண்டாம். அடுத்ததைக் காட்டு" என்றார் சந்தானம்.

"மாமா, இதைவிட நல்ல சாப்ட்வேர் கிடைக்காது. தேதி வாரியா, கலர் வாரியா, எந்தப் பூஜைக்கு வரைஞ்சதுன்னு எல்லாத்தையும் அடுக்கிக் கொடுக்கும். அனுதியோட படங்களை இதிலே போட்டா நூறு வருஷம் பத்திரமா இருக்கும்" என்றாள் ஸ்னேகா.

சந்தானத்தின் மகள் அனுராதாவோடு ஒரே ஸ்டூடியோவில் உட்கார்ந்து, துர்கா பூஜைப் பந்தல்களுக்குக் கம்ப்யூட்டரில் படம் வரைந்தவள் ஸ்னேகா. தன்னைவிட மூத்தவளை, அக்காவுக்கு 'தி', அண்ணாவுக்கு 'தா' என்று பேரோடு சேர்க்கும் வங்காளி வழக்கப்படியே 'அனுதி' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க இப்போது அனுதி இல்லை. மூன்று மாதம் முன்பு தன் முடிவைத் தானே தேடிக்கொண்டாள். ஒரு வரி எழுதி வைக்கவில்லை. விட்டுப் போனது ஒரு ஹார்டு டிஸ்க்தான். அதிலிருந்த படங்களை வரிசையாகப் பரப்பினால் இந்தப் பெஹாலா வீட்டில் கிளம்பி, ஆற்றைத் தாண்டி, சாந்த்ராகாச்சி யார்டில் நிற்கிற அத்தனை ரயில் பெட்டிகளையும் போர்த்திவிட்டு, இஞ்சினுக்கும் மிச்சம் இருக்கும்.

சந்தானம் ரிட்டயர்டு பேங்க் மானேஜர். தலையும் முகமும் அப்படி ஒரு வழவழப்பு. உச்சியில் உட்கார்ந்த ஈ, பிடிமானம் கிடைக்காமல் மோவாய் வரை சறுக்கிக்கொண்டு வந்து விழும். ஆனால் குரல்? அவர் உறுமினால் மாடி வீட்டுக் குக்கர் விசிலை விழுங்கிவிடும்.

"பத்திரமா வெச்சு எனக்கென்ன ஆகணும்? மூஞ்சியைக் கண்டுபிடிக்கறது எதுன்னு கேட்டேன். சாயங்காலம் வக்கீல் வரார். அந்த சௌமிக் பயலை ஜெயில்ல தள்ளாம நான் கண்ணை மூட மாட்டேன்."

சௌமிக் அவருடைய மாப்பிள்ளை. இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காளிகாட் கோயிலில் மாலை மாற்றி மகளைக் கூட்டிக்கொண்டு போனவன். அவன் கொடுமைதான் அவளைக் கொன்றது என்பது இவர் கட்சி. அதற்கு ஆதாரம், துக்கம் விசாரிக்க வந்த ஸ்னேகாவின் வாயிலிருந்தே விழுந்தது. அனுதி எந்தத் துர்கையை வரைந்தாலும் காலடியில் கிடக்கும் அசுரனுக்கு ஒரே முகம்தானாம். யார் அந்த ஆள் என்று கேட்டால், "தினம் கனவுல வந்து என்னைக் கொல்றவர்" என்று சிரிப்பாளாம்.

"ஆனா சௌமிக்தாவுக்கு மீசையே கிடையாதே, மாமா. அசுரனுக்கு இவ்வளவு பெரிய மீசை."

"படம்தானேடி! ஒட்டினா போச்சு. அசுரனை மழமழன்னு வரைஞ்சா எந்தப் பூஜைக்காரன் காசு கொடுப்பான்?"

காபியோடு வந்தாள் அவர் மனைவி ஷியாமளா. "மாப்பிள்ளை அழுதுண்டே டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தார். விட்டுடுங்கோளேன். போனவ போயாச்சு."

"நீ வாயை மூடு. என் கையிலே இருந்த வரைக்கும் எப்படி இருந்தா? எட்டாங்கிளாஸ்ல கணக்கு நோட்டு பூரா பொம்மை. நோட்டை அவ கண்ணெதிர்ல கேஸ் அடுப்புல வெச்சேன். எரிஞ்சு முடியற வரைக்கும் கையைப் பிடிச்சு அங்கேயே நிறுத்தினேன். அப்புறம் பார், கணக்குல முதல் மார்க்! அதுக்குப் பேர் வளர்ப்பு."

கீபோர்டில் ஓடிய ஸ்னேகாவின் விரல் நின்றது.

"என்ன முழிக்கறே? அடுத்ததைப் போடு."

"மாமா... முதல்ல பார்த்த சாப்ட்வேரே போதும். ப்ளீஸ்."

"போடுங்கறேன்!"

போட்டாள். "இது வரைஞ்ச முகத்தையும் பிடிக்கும். வீட்டு போட்டோ எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி, யார் யாருன்னு அனுதியே பேர் போட்டு இதே டிஸ்க்ல வெச்சிருக்கா. அதோட ஒத்துப் பார்த்துப் பேரைச் சொல்லிடும்."

சாப்ட்வேர் வேலையில் இறங்கியது. லேப்டாப் விட்ட மூச்சில் சுவர்க் காலண்டர் அடுத்த வருஷத்துக்கே பறந்துவிடும் போலிருந்தது. முகங்கள் மூட்டை மூட்டையாகப் பிரிந்தன. துர்கைகள் ஒரு பக்கம், சிங்கங்கள் ஒரு பக்கம். எல்லாவற்றையும்விடப் பெரிய மூட்டை, அசுரன்.

மகள் வரைந்ததைச் சந்தானம் உட்கார்ந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. பச்சை முகம். காடாக மண்டிய முடி. கதவு அகலத்துக்கு மீசை. வாள் இருக்க வேண்டிய கையில் ஏதோ எரிந்துகொண்டிருந்தது.

"அதே திருட்டு முழி! அவனேதான்! பேரைச் சொல்லச் சொல்லு!" என்று நாற்காலியில் துள்ளினார்.

ஸ்னேகா கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினாள்.

அசுரனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய போட்டோ வந்து ஒட்டிக்கொண்டது. அடர்ந்த முடியும் அகல மீசையுமாக ஸ்கூட்டரில் சாய்ந்து நிற்கும் ஒரு மனிதர். அதன் கீழே அனுராதா டைப் செய்து வைத்திருந்த பெயர்: அப்பா.

வாசல்படியில் நின்றிருந்த ஷியாமளா ஆச்சரியப்படவில்லை.

சந்தானம் வழவழத்த மேலுதட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"இது வேண்டாம். அடுத்ததைக் காட்டு."