பம்பர் வீடு

“ஏசண்ணே, எந்த நம்பருக்கு விழுந்துச்சு? சொன்னா நாங்களும் பொழச்சுக்குவோம்ல.”

பூப்பாறை ஜீப் ஸ்டாண்டில் வீரபாண்டி இப்படிக் கேட்டதும் ஏசுரத்தினத்துக்கு வாயில் இருந்த டீ கசந்தது. இருவருமே ஜீப் டிரைவர்கள். மறுநாள் ஏசுரத்தினத்தின் புது வீட்டுக்கு மந்திரிப்பு. பாதர் வந்து தீர்த்தம் தெளிப்பதற்கு முன்பே ஊர் அந்த வீட்டுக்குப் பெயர் வைத்துவிட்டது, பம்பர் வீடு என்று. லாட்டரியில் பம்பர் பரிசு விழுந்து கட்டினதாம்.

“லாட்டரியும் இல்ல, புதையலும் இல்ல. எம் பொண்டாட்டி உழைச்சுக் கட்டுன வீடு.”

“உழைச்சு வீடு கட்டலாம்னா, இந்த மலையில மொதல்ல கழுதைதான் கட்டியிருக்கும்.”

ஸ்டாண்டே சிரித்தது. லாட்டரிச் சீட்டு விற்கும் ஜிஜி ஒரு படி மேலே போனான்.

“டிக்கெட்டே என்கிட்ட எடுத்ததுதான். என் கைராசி அப்படி.”

சொன்ன சூட்டோடு நாலு சீட்டு விற்றும்விட்டான்.

ஏசுரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குத் தெரியாதா மனைவி இருதயம்மாளின் பாடு? நாலு மணி வரைக்கும் எஸ்டேட்டில் குனிந்து ஏலக்காய் எடுப்பாள். பிறகு, பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த ஒரு ஏக்கரில் கண் தெரிகிற வரைக்கும் களை பறிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேரே அங்கேதான். அவள் காலில் அட்டை கடித்த தழும்பு இல்லாத இடம் கிடையாது. காய்க்கு விலை ஏறின வருஷம் அவளிடம் காய் இருந்தது. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

இதெல்லாம் ஸ்டாண்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது, போகட்டும். எஸ்டேட் லயத்தில் அடுத்த வீட்டுக் கற்பகத்துக்குமா தெரியாது? அவளும் பக்கத்து ஏக்கரைப் பாட்டத்துக்கு எடுத்து, இருதயம்மாளோடு போய் இருதயம்மாளோடு திரும்பியவள். பெருமழை வருஷம் மலை சரிந்தது. செடி காய்க்கிற நேரத்தில் அவள் ஏக்கர் மொத்தமும் மண்ணோடு போய்விட்டது. அந்தக் கற்பகமே இப்போது “எங்க இருதயத்துக்குப் பம்பர் அடிச்சிருக்கு” என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

‘வயித்தெரிச்சல்’ என்று நினைத்துக்கொண்டார் ஏசுரத்தினம். ‘நாளைக்கு எல்லார் முன்னாடியும் உடைச்சுச் சொல்றேன்.’

மறுநாள் ஊரே திரண்டு வந்தது. மூன்று அறையும் டைல்ஸ் போட்ட தரையுமாக வீடு வெயிலில் மின்னியது. லயத்து ஒற்றை அறையில் இத்தனை வருஷம் முதுகு நிமிராமல் கிடந்த மனுஷர், சொந்த வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ஸ்டாண்டு ஜீப்புகள் வரிசையாக வந்து ஆரன் அடித்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பாதர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து முடித்தார். பால் காய்ச்சும் நேரம் வந்ததும் இருதயம்மாள் கற்பகத்தைக் கூப்பிட்டாள்.

“நீ அடுப்பப் பத்தவை.”

இதைப் பார்த்ததும் ஏசுரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. பால் பொங்கியதுதான் தாமதம், தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். கக்கத்தில் மடித்து வைத்திருந்ததை எடுத்து உதறினார். மழையில் இருதயம்மாள் போர்த்திக்கொள்ளும் பிளாஸ்டிக் ஷீட்டு. ஏழெட்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

“பாதர், ரெண்டு வார்த்தை சொல்லிக்கிறேன். இந்த வீடு எப்படி வந்துச்சுன்னு ஊரு ஒண்ணு பேசுது. உண்மை என்னன்னா…”

“உண்மை என்ன, பம்பர்தான்” என்றாள் இருதயம்மாள். சிரித்துக்கொண்டே ஷீட்டைப் பிடுங்கி மடித்தாள். “சீட்டுல விழுந்ததுன்னு சொல்ல இவுகளுக்கு வெக்கம். எல்லாரும் சாப்பிட வாங்க.”

“நான்தான் சொன்னேன்ல” என்றான் ஜிஜி. வீரபாண்டி விசில் அடித்தான். கூட்டம் பிரியாணிப் பக்கம் நகர்ந்தது.

ஏசுரத்தினம் பெண்டாட்டியைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

“உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பத்தொன்பது வருசம் நாயா உழைச்சுட்டு, அந்தப் பேரை ஒரு சீட்டுக்குக் குடுக்குறியே. பாதரு நிக்கிறாரு, பொய் வேற.”

“பாவசங்கீர்த்தனத்துல பாதருகிட்டயே சொல்லிக்கிறேன்.”

“அந்தக் கற்பகம் கெளப்பிவிட்ட புரளிக்கு நீ எதுக்குத் தாளம் போடுற?”

“அவ கெளப்பல. அவகிட்ட மொதல்ல சொன்னதே நான்தான்.”

ஏசுரத்தினம் திரும்பிப் பார்த்தார்.

வீட்டு ஓரமாக வாசல் பந்தல் தெரிந்தது. கற்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாள். “இன்னைக்கு எங்க இருதயத்துக்கு அடிச்சுது, நாளைக்கு எனக்கு அடிக்கும், பாருங்க” என்று அவள் சொல்ல, பந்தியே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

“வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுன அன்னைக்கு வந்தா” என்றாள் இருதயம்மாள். “ஏங் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘ஒண்ணாத்தானடி குனிஞ்சோம், நான் எதுல கொறைஞ்சு போனேன்’னு கேட்டு அழுதா. எனக்குப் பதில் வரல. வாயில வந்தது லாட்டரிதான். கேட்டதும் கண்ணத் துடைச்சுக்கிட்டு, அப்பவே ஒரு நடை செங்கல் எடுத்துக் குடுத்துட்டுப் போனா.”

“அதுக்காக…”

“அவளுக்கும் பத்தொன்பது வருசங்க. உழைச்சுக் கட்டுனேன்னு நான் சொன்னா, அவ உழைக்கலன்னுல்ல ஆயிரும்?”