ஓட்டை தேடும் பேச்சாளர்

திறந்த பானெட்டின் மேல் காலை வெயில் விழுந்திருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் அந்தக் காரின் டாஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையாமல் எரிகிறது. எத்தனால் கூடுதலாகக் கலந்த பெட்ரோலால் எந்தக் காருக்கும் ஒரு குறையும் வராது என்று இன்று மாலை மேடையில் முழங்கப்போகிறவரின் கார் அது. ஊருக்கே முன்மாதிரியாக இருக்கட்டுமென்று போன வாரம்தான் அந்தப் பெட்ரோலை டேங்க் நிறையப் போட்டார். மெக்கானிக் ஸ்கேனர் திரையைக் கண்ணருகே கொண்டுபோகிறார். "பெட்ரோல் பத்தல, காத்து அதிகம்னு காட்டுது சார். எத்தனால் கூடினாலும் இப்படிக் காட்டலாம். காத்துக் குழாய்ல ஓட்டை இருந்தாலும் இதேதான்." "விளக்க மட்டும் அணைச்சுக் குடுங்களேன்," என்கிறார் பேச்சாளர். டிரைவர் சீட்டிலிருந்து மனைவி தலையை நீட்டுகிறாள். "அணைச்சா காரணம் போயிடுமாங்க? எதுன்னுதான் பாத்துடுவோமே."

மெக்கானிக் குழாய்க்குள் புகையைச் செலுத்துகிறார். ஓட்டை இருந்தால் புகை வெளியே வரும். வராவிட்டால் பழி பெட்ரோல் பக்கம் சாயும். மனைவியும் இறங்கி வர, மூன்று தலைகள் பானெட்டுக்குள் குனிகின்றன. டார்ச் வெளிச்சம் ஒவ்வொரு வளைவாக ஊர்கிறது. ஒரு இழை புகைகூட இல்லை. "குழாய் புதுசு மாதிரி இருக்கு சார்." பேச்சாளரின் முகம் தொங்கிப்போகிறது. "வண்டி நல்லா இருக்குன்னா சந்தோஷப்படுங்களேன்," என்று சிரிக்கிறாள் மனைவி. அவர் வெள்ளைச் சட்டையில் கிரீஸ் ஒட்டுவதையும் பாராமல் இன்னும் ஆழமாகக் குனிகிறார். "நல்லாத் தேடுங்க தம்பி. பழைய வண்டி, எங்கயாவது ஒரு ஓட்டை இருந்தே தீரும்."