செந்தூரன் பாடிய தாலாட்டு

கணக்கெடுப்பில் இப்போதெல்லாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. வீட்டுக் கூடத்தில் ஒரு கருவியை வைத்துவிட்டுப் போவார்கள். பேச்சையும் பாட்டையும் ஒருநாள் கேட்டுவிட்டு, யார் எந்த இனம் என்று அதுவே சொல்லிவிடும். எந்த ஊரில் எந்த இனம் எத்தனை சதவீதம் இருக்கலாம் என்று அரசு வரம்பு வைத்திருந்தது. திருப்பூரில் ஒடியாக்கள் வரம்பைத் தாண்டிவிட்டார்கள்.

ஒடிசாவில் பிறந்த மினதி, வீட்டில் கருவி வைத்த அன்று முழுக்கத் தமிழ்தான் பேசினாள். ஆனால் அவளுடைய ஒடியாத் தாலாட்டு இல்லாமல் குழந்தை தூங்காது. பாட அவளுக்குப் பயம். அதனால் கணவன் செந்தூரன் தொட்டிலை ஆட்டியபடி அந்தப் பாட்டைப் பாடினான்.

மறுநாள் அலுவலர் வந்து முடிவைப் பார்த்தார்.

"அம்மிணி தமிழுங்க, இங்கயே இருக்கலாம். நீங்கதான் ஒடியா. வேற ஊருக்குப் போயிரோணும்."

"நான் பொறந்ததே இந்தத் தெருவுலதானுங்க!" என்றான் செந்தூரன்.

"எனக்குத் தெரியாதுங்களா? மிஷின் சொல்றதைத்தான் நான் எழுத முடியும்."

அவர் கருவியை எடுக்கக் குனிந்தபோது, மினதி குழந்தையோடு குறுக்கே வந்து நின்றாள்.

"வெச்சிருங்க. இன்னொருக்கா கேக்கட்டும்."

முந்தின நாள் விழுங்கிக்கொண்ட தாலாட்டைத் தெருவுக்கே கேட்கும்படி பாடத் தொடங்கினாள்.