ஊருக்கே கேட்ட போன்

"அவங்க வீட்ல தெரிஞ்சா நான் செத்தேன்டா மச்சான். நாலு நாளா சோறு எறங்கல."

செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேருக்கும் அது கேட்டது. போனை வாயருகே பிடித்துக்கொண்டு கத்தியவனுக்கு இருபத்தாறு வயது இருக்கும்.

அவனுக்கு நேர் எதிரே, பெண்கள் சீட்டில் இருந்த எஸ்தர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டு. மூன்று நாள் கருட சேவை பந்தோபஸ்து முடிந்து, யூனிபார்மைப் பைக்குள் திணித்துவிட்டு, சேலையில் வீட்டுக்குப் போகிறாள். மகள் அபி மீன் குழம்பு வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அதுவரை கால் மணி நேரம் அக்கடா என்று தூங்கினால் போதும் அவளுக்கு.

எங்கே தூங்க? இத்தனைக்கும் சற்று முன்பு இதே பையன் டிக்கெட் கேட்டபோது கண்டக்டர் ராமராஜன் குனிந்து, "இன்னாபா, வாய்க்குள்ளயே பேசற? எந்த ஸ்டாப்பு?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. போனைக் கையில் எடுத்ததும்தான் தொண்டை திறந்துகொண்டது.

"எங்கப்பா ஒத்துக்கினாரு மச்சான். தறியை நிறுத்திட்டு எழுந்து வந்து, நல்ல பொண்ணுன்னா இட்டுக்கினு வாடான்னுட்டாரு. அவங்கம்மாதான்டா பிரச்சினை. எங்க சாமி வேற, அவங்க சாமி வேற. அம்மா சரின்னா கல்யாணம், இல்லைன்னா இல்ல, ஓடியெல்லாம் வரமாட்டேன்னு அது கண்டிஷனா சொல்லிடுச்சு. அந்தம்மா முன்னாடி போய் நிக்கவே எனக்குக் காலு நடுங்குது."

முன் சீட்டிலிருந்த கைலாசம் என்ற பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஏம்பா, இது பஸ்ஸா, உங்க வூட்டுக் கூடமா? உன் காதல் கதை எங்களுக்கு எதுக்கு?"

"தறி வீடு சார். நாலு தறி ஓடற சத்தத்துல பேசிப் பேசிப் பழக்கமாயிடுச்சு," என்றான் பையன். சொல்லிவிட்டு இன்னும் ஒரு சுற்று ஏற்றிக் கத்தினான்.

"கண்டக்டர், வண்டியை ஸ்டேஷனுக்கு விடுபா. எழுதிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை." பெரியவர் தன் போனை எடுத்து நூறை அழுத்தினார். அதில் ஸ்பீக்கர் போட்டிருந்ததால் மணி அடிப்பது டிரைவர் வரை கேட்டது.

இனித் தூக்கம் வந்த மாதிரிதான் என்று எஸ்தர் எழுந்து நின்றாள். "பெரியவரே, போனை வைங்க. போலீஸ் இங்கியே இருக்குது. நான் ஏட்டுதான்."

கைலாசம் போனை இறக்கினார். பையனின் முகம் வெளிறிவிட்டது. போனைக் கட் பண்ணக்கூடத் தோன்றாமல் கைக்குள் பொத்திக்கொண்டான்.

"அறிவு இருக்குதா உனக்கு? ஒரு பொண்ணோட விஷயத்தை ஊருக்கே ஏலம் போடறியே. கேக்கற நாலு பேரு நாளைக்கு நாலு விதமா பேசமாட்டாங்க?"

"தப்புதான் மேடம்."

அதோடு அவள் உட்கார்ந்திருக்கலாம். ஆனால், மாலையும் கழுத்துமாக ஸ்டேஷனுக்கு வந்து நின்ற ஜோடிகளுக்கெல்லாம் பதினெட்டு வருஷமாகப் பஞ்சாயத்து பண்ணிய வாய் சும்மா இருக்குமா?

"பொண்ணுக்கு வயசு இன்னா?"

"இருபத்திமூணு மேடம். அது பேரு..."

"பேரைச் சொல்லாத." கையை நீட்டித் தடுத்தாள். ஸ்டேஷனிலும் இதுதான் அவள் வைத்த சட்டம். பேரைக் கேட்டால் சாதி தெரியும், சாதி தெரிந்தால் நியாயம் கோணிக்கொள்ளும் என்பாள். பேர், ஊர், தெருவெல்லாம் கடைசியில்தான். "வேலைக்குப் போறியா? குடிப்பியா? அந்தப் பொண்ணு மேல எப்பவாவது கை ஓங்கியிருக்கியா?"

"பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டர்ல டிசைன் போடறேன் மேடம். குடி கிடையாது. கை ஓங்கறதெல்லாம் அதுதான், நான் வாங்கிக்குவேன்."

பஸ்ஸே சிரித்தது. எஸ்தருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்புறம் அந்தம்மாவுக்கு இன்னாவாம்? எங்க ஸ்டேஷனுக்கு வந்து பாரு. சொல்லாம கொள்ளாம ஓடிப்போன பொண்ணுங்களைத் தேடிக்கினு எத்தினி அம்மாமாருங்க வாசல்ல உக்காந்து அழறாங்கன்னு. இந்தப் பொண்ணு, அம்மா வாயால சரின்னு வரட்டும்னு காத்துக்கினு இருக்குது. அதைப் பெத்தவ குடுத்து வெச்சவ."

சொல்லும்போதே அவளுக்கு முகம் தெரியாத அந்தப் பெண் மேல் அப்படி ஒரு பாசம் வந்தது.

"அந்தம்மா பயங்கரக் கோவக்காரங்க மேடம்."

"நான் பார்க்காத கோவக்காரியா? இத்தினி பேரு சாட்சியா சொல்றேன், இந்தக் கல்யாணம் நடக்கணும். அந்தம்மா முரண்டு புடிச்சா நேரா எங்கிட்ட இட்டுக்கினு வா. எப்படி வழிக்கு வராங்கன்னு நான் பார்க்கறேன்."

முதலில் கை தட்டியவர் கைலாசம்தான். அவர் தட்டியதும் பஸ் முழுக்கத் தட்டியது. ராமராஜன் விசிலே ஊதிவிட, டிரைவர் ஸ்டாப் என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டினார்.

பையன் எழுந்து எஸ்தரைக் கையெடுத்துக் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது. பிறகு, இன்னும் கட் ஆகாமலிருந்த அதே போனைக் காதில் வைத்து, எஸ்தருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னான்.

"அபி, உங்கம்மா சரின்னுட்டாங்க."