கிழக்கே ஓர் அணை

கடித்துச் சாய்த்த மரத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, "இதுவும் கிழக்கேதான் போகுது, மாப்பிள்ளை," என்றான் அண்ணன் பீவர். "மரம் நம்மோடது. அணையை எவ்வளவு உயர்த்தணும்னு முடிவு பண்றது கிழக்குக் கரைக்காரங்க."

"அங்கேதானே கூட்டம் அதிகம், மச்சான்," என்றான் தங்கையின் கணவன். "தலையை எண்ணினா அவங்க சொல்றதுதான் நிக்கும்."

"அதனாலதான் சொல்றேன். ஏரிக்கு நடுவே நாமே அணை போட்டுப் பிரிஞ்சிடலாம்."

"அவ்வளவு நீள அணையில ஒரு கசிவு வந்தா, அடைக்க ஆள் எங்கே?"

"கிழக்கத்தித் தலைவருக்கு வால் பிடிக்கிறவன் நீ. வேற எப்படிப் பேசுவ?"

"உங்க ஆள் மட்டும்? இந்தக் கரையில பிறந்தவர்தானே. முன்னே ஏரிக்கே தலைவரானப்போ அந்த அணையில ஒரு குச்சியையாவது இறக்கினாரா?"

"அவங்க விட்டாத்தானே."

அன்று கிழக்கே அணை மறுபடி உயர்ந்திருந்தது. மேற்குக் கரையில் இவர்களுடைய கூட்டுக்குள் தண்ணீர் ஏறி, குட்டிகள் படுத்திருந்த புல்லை நனைத்தது. தங்கை வெளியே தலையை நீட்டினாள்.

"அண்ணா, உள்ளே தண்ணி வருது."

"பார்த்தியா மாப்பிள்ளை, நான் சொன்னது நடக்குது," என்றான் அண்ணன்.

"அது மேல மலையில பெஞ்ச மழைத் தண்ணி," என்றான் கணவன். "எல்லாத்துக்கும் கிழக்கையே குறை சொல்லாதீங்க."

"மழையா? இந்தப் பருவத்திலயா?"

அவள் உள்ளே போய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்தாள். வாக்குவாதம் செய்துகொண்டிருந்த இருவருக்கும் நடுவே நீந்திப் போய், கரை மேட்டில் அதைக் கிடத்தினாள். பிறகு அடுத்த குட்டிக்காகத் தண்ணீரில் இறங்கினாள்.