பெற்றவன் சத்தியம்

பூசாரி வீரமணி தட்டில் கற்பூரத்தை ஏற்றிவிட்டுக் கோவிந்தனைப் பார்த்தார்.

ஓடுகிறவன் சத்தியம் செய்வதில்லை. அவனைப் பெற்றவன்தான் சத்தியத்தைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும்: என் பிள்ளை வஞ்சகம் இல்லாமல் ஓடுகிறான். வஞ்சகம் இருந்தால் அவன் மூச்சு முனியப்பனுக்கு.

பதினோரு பேர் ஓடுகிறார்கள். காவிரிக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மேடேறிக் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். முதலில் வருகிறவன் பொங்கல் அடுப்பைப் பற்றவைப்பான். அவன் அப்பா தலையில் பரிவட்டம் கட்டுவார்கள்.

பத்து அப்பாக்கள் அடித்துவிட்டார்கள். கடைசிக் கை கோவிந்தனுடையது. அதுவும் ஒரு மரியாதை.

வேப்பமரத்தடியில் மூத்த மகன் சிவக்குமாரின் கல் நின்றது. பத்து வருடத்துக்கு முன்னால் முதல் ஆளாக வந்து, அடுப்பைப் பற்றவைத்து, அப்படியே சாய்ந்தவன். சாமி விரும்பி எடுத்துக்கொண்ட பிள்ளை என்று ஊரே கூடிக் கல் நட்டது. ஓடுகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கோட்டுக்கு வருவார்கள். அந்தக் கல் இருக்கும்வரை எந்தப் பஞ்சாயத்திலும் கோவிந்தன் தலை குனிய வேண்டியதில்லை.

சின்னவன் அருள்குமார் அண்ணனைத் தொட்டுவிட்டு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. கழுத்து நரம்பு துடிப்பது பத்தடி தள்ளியே தெரிந்தது. இன்னும் ஓடவே இல்லை, பனியன் நனைந்துவிட்டது.

காலையில் மாட்டுக் கொட்டகையில், தவிட்டு மூட்டைக்குப் பின்னால் கோவிந்தன் அதைப் பார்த்தார். நீல மூடி போட்ட குட்டி மருந்துப் பாட்டில். பக்கத்தில் ஊசி. மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. எருக்குழியில் ஆழமாகப் புதைத்தார்.

இப்போது கையை ஓங்காமல் நின்றுவிட்டால் போதும். பிள்ளை ஓட முடியாது. பிழைத்துக்கொள்வான்.

ஆனால் ஏன் அடிக்கவில்லை என்று ஊர் கேட்கும். ஒன்றைக் கேட்டால் அடுத்ததையும் கேட்கும். பிறகு எல்லாக் கண்களும் வேப்பமரத்தடிக்குத் திரும்பும்.

"கோவிந்தண்ணன் கைய ஓங்குனாலே கற்பூரம் பயந்துக்கிட்டு தானா அணைஞ்சிருமுங்க" என்றார் இளம்பரிதியின் அப்பா. அவருடைய பையனும் ஓடுகிறான். கூட்டம் சிரித்தது.

கற்பூரம் அணையவில்லை.

பூசாரி குனிந்து, மறந்துபோனவருக்கு எடுத்துக்கொடுப்பதுபோல் மெதுவாகச் சொன்னார்: "பெரியவனுக்குச் சொன்னதையே சொல்லுங்கண்ணா. ஒரு வார்த்தகூட மாத்த வேணாங்க."

கோவிந்தன் கல்லைப் பார்த்தார். அதன் பக்கத்துத் தரையையும் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இன்னொரு கல்லுக்கு இடம் இருந்தது.

முதுகை நிமிர்த்தினார். ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். அடித்தார்.

சிவக்குமாருக்காக அடித்த அன்று காலையிலும் அதே எருக்குழியில்தான் புதைத்தார்.

அந்த மூடி சிவப்பு.