அன்பரசியின் வைட்டமின்

கொரோனாவால் மலைப்பாதையை அடைத்து மூன்று வாரம். பதினான்கு வயது மகள் அன்பரசியின் மாத்திரை டப்பாவைத் திறந்தாள் திலகம்; உள்ளே ஒன்றுகூட இல்லை.

"ரெண்டு மாசத்து வைட்டமின் எங்கடி?"

"நம்ம தோட்டத்து லயத்துப் பிள்ளைங்களுக்கெல்லாம் தினம் ஆளுக்கொண்ணு குடுத்தேம்மா. சத்து இருந்தா கொரோனா அண்டாதாம் லா."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"வைட்டமின்தானேம்மா? கம்போங் ராஜா டவுன் கடையில வாங்கினா போச்சு. எதுக்கு அழுவுறீங்க?"

பத்து வருஷமாகச் சொன்ன பொய்யை இப்போதும் உடைக்காமல், திலகம் போனோடு கொல்லைக்கு ஓடினாள்.

"ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸிதானே? மகளோட எச்.ஐ.வி. மருந்து தீந்துபோச்சு. இல்ல மிஸ்ஸி, அவளுக்கு இன்னும் சொல்லல. ரோடு எப்போ திறப்பாங்க?"

வாசலில் லயத்துப் பிள்ளைகள் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

"அக்கா, இன்னிக்கு வைட்டமின் இல்லியா?"